மோவாபில் ஈரத்தாள்

கன்னத்தை வைத்துப் பார்த்தேன், இன்னும் ஈரம். விரலை நம்பக்கூடாது, முப்பது வருஷம் மையும் தண்ணீரும் பட்டு மரத்துப்போன விரல், அது எதைத் தொட்டாலும் காய்ந்துவிட்டது என்றுதான் சொல்லும். கன்னம் அப்படியில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்க்கிற மாதிரி ஒரு நொடி தாளின்மேல் வைத்து எடுத்தால் போதும், கல்லோடு ஒட்டிக்கிடக்கிற உள்பக்கம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். வேதத்தில் மோவாப் என்று சொல்கிற இந்த அரபு தேசத்து மேட்டில் மணி பத்தே கால். ஊரில் பன்னிரண்டே முக்கால். பாளையங்கோட்டையில் பன்னிரண்டே முக்கால் என்றால் மெட்ராஸிலும் பன்னிரண்டே முக்கால்தான், இது என்ன கணக்கு, ஆனாலும் தனித்தனியாகத்தான் நினைக்க வருகிறது, பாளையங்கோட்டையில் மைனி சோற்றை வடித்துக்கொண்டிருப்பாள், மெட்ராஸ் விமான நிலையத்தில் என் மகள் மிஸ்பா பெட்டியை எடை மெஷினில் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள். மூன்று மணிக்கு விமானம். இரண்டே முக்காலுக்கு போனை அணைத்துவிடச் சொல்வார்கள், அதாவது இங்கே பன்னிரண்டே கால். தாள் பன்னிரண்டுக்குக் காய்ந்துவிடும். உரித்து எடுத்து, பலகைமேல் படுக்க வைத்து, கை கழுவிவிட்டுக் கூப்பிட்டாலும் பத்து நிமிஷம் மிச்சம் இருக்கும். பத்து நிமிஷம் தாராளம். நாலு வருஷமாகப் பேசாதவளிடம் பத்து நிமிஷத்துக்கு மேல் என்ன பேசிவிடப் போகிறேன். காலையில் வேனில் வரும்போது மைனி அனுப்பிய குரல்செய்தியை மூன்று தடவை கேட்டேன், நாலாவது தடவை கேட்கும்போது டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார், நிறுத்திவிட்டேன். "லில்லி, மைனி பேசுதேன். மிஸ்பா இன்னைக்கு மூணு மணி பிளைட்டுல நியூசிலாந்துக்குப் போறா. அந்தப் பையனுக்கு அங்கன வேலை கெடச்சிருக்காம். இது அவ புது நம்பர், இன்னையோட இதும் இருக்காதாம். ஒங்கிட்ட குடுன்னு அவ சொல்லல. குடுக்காதன்னும் சொல்லல. நான் அனுப்பிட்டேன். பொறவு ஒன் இஷ்டம்." கிருபை மைனி என் வீட்டுக்காரரின் அக்கா. எதையும் ஜெபத்தோடு முடிக்கிறவள், இதை மட்டும் ஆமென் சொல்லாமல் முடித்திருந்தாள்.

காற்று இப்போது இல்லை. காற்று வரும்போது மட்டும் இரண்டு உள்ளங்கையையும் தாளின் மேல் மூலைகளில் வைத்து அழுத்திக்கொள்ள வேண்டும், போனதும் விட்டுவிடலாம். ஆகவே கை வேலையாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஒரு காற்றுக்கும் அடுத்த காற்றுக்கும் நடுவே ஐந்து நிமிஷம், ஆறு நிமிஷம் என் கை இரண்டும் சும்மாதான் தொங்குகின்றன. போன் ஏப்ரனின் பையில் இருக்கிறது. சரி, கல்லைப் பார்ப்போம். கல்லென்றால் முழங்கை நீளம் இருக்கும், கறுப்புக் கல், மூன்று வரி, நாலாவது வரியின் தலைகள் மட்டும், கீழே உடைந்துவிட்டது. உம் ஃபாரிஸ் என்றால் ஃபாரிஸின் அம்மா, அவள் வீட்டு ஆட்டுப்பட்டியின் சுவரில் மற்றக் கற்களோடு கல்லாக உட்கார்ந்திருக்கிறது. அவள் மாமனாரின் அப்பா கட்டிய சுவராம், மேட்டிலிருந்து உருட்டிக்கொண்டு வந்த கல்லில் எழுத்து இருக்கிறதா இல்லையா என்று அந்த மனிதன் பார்க்கவா செய்வான், மூலைக்குச் சரியாக இருந்தது, வைத்துவிட்டான். போன வாரம்தான் டாக்டர் நாதியாவின் கண்ணில் பட்டது. நாதியா அந்த மேட்டில் நடக்கிற அகழாய்வின் தலைவி. மதுரையில் ஒரு பயிற்சி முகாமில் நான் கல்வெட்டுக்குப் படி எடுப்பதைப் பார்த்துவிட்டு, நான் ஓய்வுபெற்றதும் விடாமல் எழுதி எழுதி வரவழைத்தாள், இது மூன்றாவது வருஷம். ஏழெட்டு விளக்கு வைத்துப் படம் எடுத்தாகிவிட்டது, கம்ப்யூட்டரில் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள், இருந்தாலும் அவளுக்குத் தாள் வேண்டும். கனத்த தாளை நனைத்துக் கல்லில் ஒட்டி, குதிரைமுடி பிரஷ்ஷால் அடி அடியென்று அடித்து, ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் தாள் இறங்கி உட்கார்ந்து, அப்படியே காய்ந்தபிறகு உரித்தால் கல்லின் முகம் கையோடு வந்துவிடும். நம் ஊரில் இதன்மேல் மை ஒற்றுவோம், இங்கே மை கிடையாது, தாள்தான் எல்லாம். எனக்கு இந்த ஊர் எழுத்து வாசிக்கத் தெரியாது. வட்டெழுத்தை அந்தரத்தில் தொங்கிக்கொண்டேகூட வாசிப்பேன், இது கோழி கிளறினது போல இருக்கிறது. ஆனால் முதல் சொல் மட்டும் தெரியும், நாதியா தொட்டுக் காட்டிக்கொடுத்தாள், நான். நான் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள் எல்லா ராஜாக்களும். நான் இன்னாருடைய மகன், நான் மோவாபின் ராஜா, நான் கோட்டை கட்டினேன், நான் குளம் வெட்டினேன். இரண்டாவது வரியில் கட்டினேன் என்று இருக்கிறதாம். என்ன கட்டினான் என்பது உடைந்து போய்விட்டது. நல்லதாய்ப் போயிற்று, ஆட்டுப்பட்டி கட்டினேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

மிஸ்பா கேட்டிருந்தால் சிரித்திருப்பாள். இல்லை, சிரித்திருக்கமாட்டாள், கல்லைப் பற்றி நான் சொல்கிற எந்த வேடிக்கைக்கும் அவள் சிரிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டாள். அவளுக்கு ஒன்பது வயதில் அவளுடைய அப்பா போனார், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதற்கப்புறம் நான் மலை மலையாக அலைந்த நாட்களில் எல்லாம் மைனி வீட்டில்தான் இருந்தாள். மாதத்தில் பதினைந்து நாள், இருபது நாள். எங்கே டவர் கிடைக்கிறதோ அங்கே நின்று சாயங்காலம் கூப்பிடுவேன். சாப்பிட்டாயா என்று நான் கேட்பதற்குள் அவள் கேட்பாள், "காஞ்சிட்டா?" அவ்வளவுதான், அதுதான் எங்களுக்கு வணக்கம், நலம், எல்லாம். ஏனென்றால் பகலில் எப்போது மைனி போனை அவள் காதில் வைத்தாலும் நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான், "இப்ப தாள் ஈரமா இருக்குட்டி, காஞ்ச பொறவு பேசுதேன்." அதனால் சாயங்காலம் அந்தக் கேள்வி. காஞ்சிட்டா? காஞ்சிட்டு. அப்ப பேசு. பிறகு பள்ளிக்கூடத்தில் யார் யாரைக் கிள்ளினார்கள், மைனி மீன்குழம்பில் எவ்வளவு புளி ஊற்றினாள், கோயிலில் திடப்படுத்தல் ஆராதனைக்கு எல்லாப் பிள்ளைக்கும் அம்மா வருவார்களாம், நீ வாரியா. வருகிறேன் என்றேன். போகவில்லை. அன்றைக்கு மழை தூறி, தாள் காயவே இல்லை. ஒரே ஒரு தடவை அவளை மலைக்குக் கூட்டிப்போனேன், பத்து வயதிருக்கும், பாறையில் ஒட்டியிருந்த வெள்ளைத் தாளைப் பார்த்ததும் அவளுக்கு ஆசை தாங்கவில்லை, ஓடிப்போய்க் கையை விரித்து அப்படியே வைத்துவிட்டாள். அடித்தேன். அந்தக் கையிலேயே அடித்தேன். பாண்டியன் காலத்து நிலதானத்துக்கு நடுவே ஐந்து விரலும் பதிந்துவிட்டது. கெட்டுப்போன படியைக் கிழித்துப்போட வேண்டும் என்பது விதி, கிழித்துப்போட்டேன் என்று பதிவேட்டில் எழுதியும் வைத்தேன். தாள் என் பீரோவில் இருக்கிறது, கல்யாணப் புடவைக்கு அடியில். அவளுக்கு அது தெரியாது. அடித்தது தெரியும்.

கழுத்தில் வெயில் ஏறுகிறது. மணி பத்தே முக்கால். கன்னம், ஈரம். இடது பக்கம் கொஞ்சம் இறுகியிருக்கிறது, வலது பக்கம் அப்படியேதான். உம் ஃபாரிஸ் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள், ஏதோ வாசனை இலை போட்ட டீ, பாதி டம்ளருக்குச் சர்க்கரை. "லில்லி, இன்னும் காயலையா?" அரபியில்தான் கேட்கிறாள், இந்த ஒரு கேள்வி எந்த மொழியில் கேட்டாலும் எனக்குப் புரியும். இன்னும் இல்லை என்று தலையை ஆட்டினேன். நண்பகல் தொழுகைக்குள் முடித்துவிடுவதாக நாதியா அவளிடம் சொல்லியிருக்கிறாள், அப்புறம் ஆடுகள் வந்துவிடும், நாளைக்கு மச்சினன் வந்து சுவருக்குச் சிமென்ட் பூசப்போகிறான், கல்லை எடுக்க அரசாங்கத்திடம் அனுமதி வாங்க மூன்று மாதம் ஆகும், மச்சினன் மூன்று மாதம் பொறுக்கிற ஆளில்லை. ஒரே தாள்தான் மிச்சம் இருந்தது. ஆக, இந்தத் தாளை விட்டுவிட்டுப் போக முடியாது, யாராலும் குற்றம் சொல்ல முடியாத காரணம். எனக்கு எப்போதுமே நல்ல காரணங்கள் கிடைத்துவிடும். அன்றைக்கும் அப்படித்தான், நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, மதுரைப் பக்கம் ஒரு குகையின் நெற்றியில் இரண்டு வரிக் கல்வெட்டு, மூங்கில் சாரத்தின்மேல் நிற்கிறேன், தாளை அடித்து முடித்த நிமிஷம், போன் அதிர்கிறது. மிஸ்பா. முழுதாக அடித்து நின்றது. மறுபடியும் மிஸ்பா. வேலைநேரத்தில் கூப்பிடக்கூடாது என்று தெரிந்தவள் இரண்டு தடவை கூப்பிடுகிறாளே என்று தோன்றத்தான் செய்தது, தோன்றவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் தாள் ஈரம். சாயங்காலம் நாலு மணிக்கு இறங்கிவந்து கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ஒரு தடவை கூப்பிட்டேன். ஒரே ஒரு தடவை. ஒரு வாரம் கழித்து மைனி சொன்னாள், அந்த வியாழக்கிழமைதான் மிஸ்பாவும் நவநீதனும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்களாம். லிப்ட் ரிப்பேர் செய்கிற பையன், நல்ல பையன்தான், எனக்கு அவனைப் பற்றி ஒரு குறையும் இல்லை, சொல்லவில்லையே என்பதுதான். "சொல்லத்தான் கூப்பிட்டிருக்கா லில்லி. ஆபீசு படியில நின்னுகிட்டு கூப்பிட்டிருக்கா. நீ வரமாட்டன்னு அவளுக்குத் தெரியும். போன்லயே ஒரு நிமிசம் ஜெபம் பண்ணுன்னு கேக்கத்தான்." ஒரு நிமிஷ ஜெபம். சாரத்தின்மேல் நின்றுகொண்டே, தாளைப் பிடித்துக்கொண்டே, தோளில் போனை இடுக்கிக்கொண்டு பண்ணியிருக்கலாம். எவ்வளவோ பேருக்கு அப்படிப் பண்ணியிருக்கிறேன்.

அப்போது அழுதேனா? இல்லை, கோபப்பட்டேன். கோபம்தான் எனக்குச் சீக்கிரம் வரும். "மறைச்சுக் கல்யாணம் முடிக்கவளுக்கு ஜெபம் ஒண்ணுதான் கொறச்சலாக்கும்" என்றேன் மைனியிடம், மைனி அதை அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்தாள், ஒரு எழுத்து குறையாமல் கொண்டுபோகிறதில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி, என் தொழிலுக்கு வந்திருக்கலாம். மைனி கேட்டுக்கொண்டே இருந்தாள், "நீயே ஒரு போன் போட்டா என்ன, கொறஞ்சா போயிருவ?" நான் சொன்ன பதில் எனக்கு இப்போதும் காதில் கேட்கிறது, பெரிய ஞானி மாதிரி சொன்னேன். "காயட்டும் மைனி. இப்பத் தொட்டாக் கிழிஞ்சிரும்." முதல் மாதம் காயட்டும் என்றேன். கிறிஸ்துமஸ் வந்தது, காயட்டும். அவளுக்கு ஏதோ உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கிடந்தாள் என்று மைனி சொன்னபோது ராத்திரி முழுக்கத் தூங்காமல் புரண்டுவிட்டு, காலையில், இந்த நேரத்தில் போய் நின்றால் அவள் மனசு இன்னும் ஆத்திரப்படும், காயட்டும். உலகத்தில் வேறு எந்தத் தாயும் இப்படி யோசிக்கமாட்டாள். சண்டை என்றால் போய்க் கதவைத் தட்டுவாள், திட்டுவாள், அழுவாள், குழம்பு வைத்துத் தூக்குவாளியில் கொண்டுபோவாள். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை ஒட்டிவிட்டு ஒதுங்கி நிற்பது. அதையே மகளிடமும் காட்டிவிட்டேன். இன்னொன்றும் எனக்குத் தெரியும், பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு நானேதான் சொல்லிக்கொடுக்கிறேன், அளவுக்கு மீறிக் காய விட்டாலும் தாள் நிற்காது, ஓரம் சுருண்டு, கல்லை விட்டுத் தானாகவே கழன்று, நீங்கள் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பும்போது காற்றில் போய்க்கொண்டிருக்கும். இதைப் பலகையில் எழுதிக் கோடு போட்டுக் காட்டுவேன். மூன்று மணி விமானம்.

உம் ஃபாரிஸ் கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து போனில் கத்திக்கொண்டிருக்கிறாள். ஃபாரிஸ் ஜெர்மனியில் இருக்கிறான், அவளுடைய ஒரே மகன், ஒரு நாளைக்கு ஐந்து தடவை பேசுகிறார்கள், ஐந்து தடவையும் சண்டை. என்ன சண்டை என்று எனக்குப் பாதி புரியும், தலைமுடியை வெட்டு, அந்த வேலையை விடு, என்ன சாப்பிட்டாய், பொய் சொல்லாதே. கடைசியில் அவனைத் திட்டிப் போனை மடியில் எறிவாள், எறிந்த கை சூடு ஆறுவதற்குள் மறுபடி எடுத்து அழுத்துவாள். "இப்ப எதுக்கு வச்ச?" என்பாள், வைத்தது அவள்தான். என்னைப் பார்த்து, "உனக்குப் பிள்ளைகள் உண்டா?" என்று முதல் நாளே கேட்டாள். ஒரு மகள் என்றேன். "பேசுவாளா?" வேலையாக இருப்பாள் என்றேன். உம் ஃபாரிஸ் நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போனாள், அவளுக்குப் புரிந்துவிட்டது. இந்த மலைக்குப் பின்னால் எங்கேயோதான் அந்த ராஜா தன் மகனைப் பலி கொடுத்தது. வேதத்தில் இருக்கிறது, சின்ன வயதில் ஓய்வுநாள் பள்ளியில் கேட்டுப் பயந்து எழுந்த கதை, மோவாபின் ராஜா போரில் தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் தனக்குப் பின் பட்டத்துக்கு வரவேண்டிய மூத்த மகனை மதில்மேல் ஏற்றித் தகனபலியாக்கினான். அந்த ராஜா மேசா எழுதிவைத்த பெரிய கல் ஒன்று இந்தப் பக்கத்தில்தான் கிடைத்தது, இப்போது பாரிஸில் இருக்கிறது. அதில் முப்பத்துச் சொச்சம் வரி. நான் மேசா என்று ஆரம்பித்து, பிடித்த ஊர், கட்டின வாசல், வீட்டுக்கு வீடு வெட்டச் சொன்ன தொட்டி, எல்லாம் எழுதியிருக்கிறான். மகனைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. கேட்டால், கல் அதற்கு முன்பே எழுதினது, எழுதினவனுக்கு அந்த எண்ணமே இருக்காது என்று ஆராய்ச்சிக்காரர்கள் ஆயிரம் சொல்வார்கள். நான் அந்தக் கல்லின் வார்ப்பு ஒன்றை ஒரு இறையியல் கல்லூரியில் தொட்டுப் பார்த்திருக்கிறேன். கடைசி வரிகள் உடைந்திருக்கும். அங்கே இருந்திருக்கலாம் என்று வைத்துக்கொள்வேன். என் பெயரில் ஒரு கல் நட்டால் என்ன எழுதுவார்கள், நான் லில்லி புஷ்பம், நான் மூவாயிரத்து நானூறு கல்வெட்டுக்குப் படி எடுத்தேன், நான் சாரத்திலிருந்து ஒரு தடவைகூட விழவில்லை.

மோவாபில் ஒரு மிஸ்பே உண்டு, மிஸ்பா என்றும் சொல்வார்கள். தாவீது ஒளிந்து திரிந்த காலத்தில் தன் தாய் தகப்பனை அங்கேதான் கொண்டுவந்து ராஜாவின் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனான். பிள்ளைக்கு அந்தப் பெயரை வைத்தது அவளுடைய அப்பா, எங்கள் பக்கத்தில் வேதத்திலுள்ள ஊர்ப் பெயரை எல்லாம் பிள்ளைகளுக்கு வைப்பார்கள், பெத்தேல், சாரோன், கார்மேல் என்று மைனியின் பேரப்பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினால் வரைபடம் போட்டுவிடலாம். இங்கே வந்த முதல் வருஷம் நாதியாவிடம் கேட்டேன், அந்த மிஸ்பே எங்கே இருக்கிறது, ஒரு நாள் கூட்டிப்போகிறாயா. அவள் சிரித்துவிட்டு, "யாருக்கும் தெரியாது லில்லி. ஆளுக்கு ஒரு மேட்டைக் காட்டுவார்கள். எதிலும் அந்தப் பெயர் கிடைக்கவில்லை" என்றாள். அன்றிலிருந்து எந்த மேட்டைத் தாண்டினாலும் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. இதை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு அவள் வேண்டும். இதையும் யாரிடமும் சொன்னதில்லை, ஜெபத்தில்கூடச் சுற்றி வளைத்து, அவளை ஆசீர்வதியும், அவள் கையின் பிரயாசத்தை ஆசீர்வதியும் என்றுதான் சொல்லியிருக்கிறேன். எனக்கு அவளுடைய எண்ணெய் தேய்த்த தலைவாசனை வேண்டும், குளித்துவிட்டு ஈரக் காலோடு வீடெல்லாம் நடந்து திட்டு வாங்குவாளே, அந்தக் கால்தடம் வேண்டும்.

வலது பக்கம் ஏன் காயவில்லை? நிமிர்ந்து பார்த்தேன், தாளின் பாதியில் நிழல். வடகிழக்கைப் பார்த்த சுவர். இதை நான் வந்தவுடனே பார்த்திருக்கவேண்டும், முப்பது வருஷத்தில் சுவர் எந்தத் திசை என்று பார்க்காமல் தாள் ஒட்டினது இதுதான் முதல் தடவை, காலையில் நாலு தடவை மைனியின் குரலைக் கேட்டுக்கொண்டு வந்தவளுக்குத் திசை எங்கே தெரியும். வெயில் சுவரின் தலையைத் தாண்டி அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. இனி இந்தக் கறுப்புக்கல் குளிர்ந்துகொண்டே வரும். பன்னிரண்டுக்குக் காயாது. ஒரு மணிக்கும் காயாது. இரண்டாகலாம். மணி என்ன? பன்னிரண்டாக ஐந்து நிமிஷம். எப்படி ஆயிற்று? இப்போதுதான் பத்தே முக்காலாக இருந்தது. காற்று வேறு ஏறுகிறது, கிழக்கிலிருந்து, வாயெல்லாம் மண். இரண்டு கையையும் மூலைகளில் வைத்து அழுத்திக்கொண்டேன், இந்தக் காற்று போகிறதாக இல்லை. இடது ஓரம் காய்ந்து சுருள ஆரம்பிக்கிறது, வலது பக்கம் சொதசொதவென்று இருக்கிறது, ஒரே தாளில் இரண்டு வியாதி. நியூசிலாந்தில் இறங்கியதும் புது நம்பர் வாங்குவாள், மைனிக்குக் கொடுப்பாள், மைனி எனக்கு அனுப்புவாள், அப்போது ஆற அமரப் பேசலாம், வீடெல்லாம் செட் ஆகட்டும், குளிருக்குப் பழகட்டும், கொஞ்சம். கொஞ்சம் காயட்டும். சீ. என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது, இரண்டு கையும் கல்லில் இருந்தன.

அந்த மேசாவின் கல்லுக்கு என்ன ஆயிற்று என்று பிள்ளைகளுக்குச் சொல்லுவேன், பயிற்சியின் முதல் நாளே சொல்லுவேன், பயப்பட வேண்டும் என்பதற்காகவே. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் கல் முழுசாக இருந்தபோது ஒருவன் வந்து தாள் ஒட்டினான். தாள் ஈரமாக இருக்கும்போதே ஊர்க்காரர்களுக்குள் சண்டை மூண்டு, அவனுக்கு ஈட்டிக்குத்து விழுந்து, கூட வந்தவன் அவசரத்தில் தாளை அப்படியே ஈரத்தோடு பிய்த்து அங்கிக்குள் செருகிக்கொண்டு குதிரையில் ஓடினான். ஏழு துண்டு. பார்த்தீர்களா, காயும்முன் எடுத்தால் ஏழு துண்டு என்று விரலை விரித்துக் காட்டுவேன், பிள்ளைகள் சிரிப்பார்கள். அடுத்ததையும் சொல்லுவேன், ஆனால் வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுவேன். அதற்குப் பிறகு அந்தக் கல்லை நெருப்பில் காய்ச்சித் தண்ணீர் ஊற்றி உடைத்துவிட்டார்கள். பொறுக்கினது போகப் போனது போனதுதான். இன்றைக்கு அந்த ராஜாவின் பேச்சைக் கோத்து வாசிக்க முடிகிறதென்றால் கசங்கிக் கிழிந்த அந்த ஏழு துண்டை வைத்துத்தான். காய்ந்த தாள் என்று ஒன்று அந்தக் கல்லுக்குக் கிடையாது. காயட்டும் என்று அவன் உட்கார்ந்திருந்தால் ஒன்றுமே கிடையாது. இருபது வருஷமாக இதைச் சொல்லிவருகிறேன், எனக்கே நான் ஒரு தடவையும் சொல்லவில்லை.

"உம் ஃபாரிஸ்!" என்று கூப்பிட்ட குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவள் வாளியை உருட்டிவிட்டு ஓடிவந்தாள். தாளைக் காட்டி, என் கையைக் காட்டி, உன் கையை இங்கே வை என்று எனக்குத் தெரிந்த அரபியில் சொன்னேன். பின்வாங்கினாள். காலையில் அவள் ஆசையாகத் தொடவந்தபோது நான் தட்டிவிட்டிருந்தேன். "நானா? கெட்டுப்போகுமே, நீதானே யாரும் தொடக்கூடாதுன்ன?" கெட்டுப்போகட்டும் என்றேன் தமிழில். "என் மக போறா. வை." மக என்ற சொல் எப்படி அவளுக்குப் புரிந்தது என்று தெரியவில்லை, ரொட்டிமாவு ஒட்டிய கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அகல விரித்து, என் கைக்குப் பக்கத்தில் வைத்தாள், நான் என் கையை எடுத்தேன். ராஜாவின் நான் என்ற சொல்லுக்கு மேலேயே அவளுடைய கட்டைவிரல் பதிந்தது. பதியட்டும். ஈரக் கையில் போன் வழுக்கியது. நம்பரைத் தொட்டேன். பன்னிரண்டு ஏழு. மெட்ராஸில் இரண்டு முப்பத்தேழு. மணி அடிக்கிறது. இருக்கையில் உட்கார்ந்திருப்பாள், பெல்ட் போடச் சொல்லியிருப்பார்கள், தெரியாத வெளிநாட்டு நம்பர் என்று முகத்தைச் சுளித்துப் பார்ப்பாள், வெட்டிவிடுவாள், வெட்டினால் மறுபடி கூப்பிடுவேன், பன்னிரண்டே கால்வரை கூப்பிடுவேன், எறிந்துவிட்டு எறிந்துவிட்டுக் கூப்பிடுவேன். காற்று ஓங்கி அடித்தது. பின்னால் தாள் கிழிகிற சத்தம் கேட்டது, ஈரத்தாள் கிழிவதற்கென்று ஒரு சத்தம் உண்டு, உம் ஃபாரிஸ் "யா ரப்!" என்று ஆண்டவனைக் கூப்பிட்டு அலறினாள். நான் திரும்பவில்லை.

"ஹலோ? யாரு?"

விமானத்துக்குள் யாரோ பெட்டியை மூடுகிற சத்தம், ஒரு குழந்தையின் அழுகை. என்னவெல்லாமோ பேசவேண்டும் என்று நினைத்திருந்தேன், தொண்டையிலிருந்து ஒரு சொல்தான் வந்தது.

"நான்…"

அந்தப் பக்கம் ஒரு ஆண்குரல், நவநீதனாகத்தான் இருக்கும், அவளிடம் ஏதோ கேட்கிறான். வைத்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன்.

"காஞ்சிட்டாம்மா?"

"இல்லட்டி" என்றேன். "இன்னும் ஈரமாத்தான் இருக்கு."